திமிர் யாருடையது? கிரேக்க வேதாகமச் சொற்கள் சொல்லும் வரலாறு

போன வருடம் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சப்பரம் ஊர்த் தெருக்களை எல்லாம் சுற்றும். காலனிக்குள் மட்டும் வராது. ஏன் வரவில்லை என்று அவள் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறாள். "படிச்ச திமிரு" என்றாராம் ஒரு பெரியவர். அடுத்த ஞாயிறு பிரசங்கம் பெருமையைப் பற்றி. பெருமைக்காரர்களைக் கடவுள் எதிர்ப்பார், தாழ்மையாக இருப்பவர்களுக்குத்தான் அருள் கிடைக்கும் என்று அரை மணி நேரம் பேச்சு. பேசியவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அக்கா, நான் கேட்டது பாவமாக்கா?" என்றாள்.

"இல்லைம்மா" என்று மட்டும்தான் அன்றைக்கு எங்களால் சொல்ல முடிந்தது. அது போதாது என்று எங்களுக்கே தெரிந்தது. பிறகு உட்கார்ந்து படித்தோம். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லாமல் விட்ட மீதிப் பதில்.

இதைப் படிக்கும் தோழர்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறீர்கள், பௌத்தம் ஏற்றவர்கள் இருக்கிறீர்கள், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறீர்கள். யாரையும் எந்த நம்பிக்கைக்கும் அழைக்க நாங்கள் வரவில்லை. 'பெருமை', 'தாழ்மை' என்ற இரண்டு சொற்கள் நம் மக்களின் தலையில் எப்படி வைக்கப்படுகின்றன, அவை பிறந்த மொழியில் யாரைக் குறித்தன என்று பார்ப்பதே நோக்கம்.

மூன்று சொற்கள், ஒரே மூட்டை

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி, அன்றைய மத்தியதரைக் கடல் நாடுகளில் சந்தையிலும் துறைமுகத்திலும் புழங்கிய கிரேக்கம். ரோமையருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில், முதல் அதிகாரம் 30ஆம் வசனத்தில், மூன்று வகை மனிதர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள்: ஹூப்ரிஸ்தேஸ், ஹூபெரேஃபனோஸ், அலசோன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவர்களுக்கு முறையே துராகிருதம், அகந்தை, வீம்பு என்ற சொற்களைப் போட்டது. மேடையில் இந்த மூன்றும் 'பெருமை' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன. மூட்டையை அவிழ்த்தால்தான் விஷயம் புரியும்.

முதல் சொல்லின் வேர் ஹூப்ரிஸ். இன்று இதை மனதுக்குள் இருக்கும் ஆணவம் என்று விளக்குகிறார்கள். ஏதென்ஸ் நகரத்துச் சட்டத்திலோ ஹூப்ரிஸ் ஒரு குற்றச் செயல். அரிஸ்டாட்டில் 'ரெட்டரிக்' நூலின் இரண்டாம் பகுதியில் இதை விளக்குகிறார். தனக்கு ஒரு லாபமும் இல்லாவிட்டாலும், இன்னொருவரை அவமானப்படுத்துவதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே செய்வது ஹூப்ரிஸ். செய்கிறவன் அதனால் தான் உயர்ந்துவிட்டதாக நினைக்கிறான். இளைஞர்களும் பணக்காரர்களும் இதை அதிகம் செய்வார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

கி.மு. 348இல் ஏதென்ஸில் தியோனீசியா திருவிழா நடந்தபோது, நாடக அரங்கில் எல்லோரும் பார்க்க, மெய்தியாஸ் என்ற பணக்காரர் டெமாஸ்தனீஸ் என்ற புகழ்பெற்ற பேச்சாளரைக் கன்னத்தில் அறைந்தார். டெமாஸ்தனீஸ் எழுதிய வழக்குரை இன்றும் இருக்கிறது. அடியின் வலியைவிட அடித்த விதமும் பார்வையும் இடமும்தான் குற்றத்தின் சாரம் என்று அதில் வாதிடுகிறார். ஹூப்ரிஸ் சட்டத்தைப் பற்றிய ஒரு முக்கியமான தகவலும் அதில் உண்டு. பாதிக்கப்பட்டவர் குழந்தையானாலும் பெண்ணானாலும் ஆணானாலும், சுதந்திரமானவரானாலும் அடிமையானாலும் அது குற்றம். உரிமையுள்ள குடிமகன் எவரும் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அடிமை தானே நீதிமன்றம் ஏற முடியாது. சட்டம் இருந்தது, அதை எடுத்துப் பேசும் வாய் அவனுக்கு இல்லை. இந்த நிலைமை நமக்குப் புதிதல்ல.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படித்த தோழர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ தட்டியிருக்கும். பொதுவெளியில் ஒரு பட்டியல் சாதியினரை அல்லது பழங்குடியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது, அந்தச் சட்டத்தில் 3(1)(ஆர்) பிரிவின்படி குற்றம். 2015இல் திருத்தம் வருவதற்கு முன்பு இது 3(1)(எக்ஸ்) என்று இருந்தது. ஏதென்ஸ் சட்டத்திலிருந்து நம் சட்டம் பிறந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அவமதிப்பு என்பது மனவருத்தத்தோடு முடிகிற விஷயமல்ல, தண்டிக்க வேண்டிய வன்முறை என்ற அறிவு மிகப் பழையது என்றுதான் சொல்கிறோம். அந்த அறிவில், திமிர் என்பது கேள்வி கேட்டவரின் குணமல்ல. கன்னத்தில் அறைந்தவரின் செயல்.

அலசோன் என்பது கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் வரும் ஒரு பாத்திரம். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற பீலாக்காரன். யோவானின் முதல் கடிதம் (2:16) இந்தச் சொல்லை 'பியோஸ்' என்பதோடு சேர்க்கிறது. பியோஸ் என்றால் வாழ்வு, பிழைப்பு, அதைத் தாங்கும் சொத்து. மாற்குவின் நற்செய்தியில் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட கடைசிக் காசுக்கும் இதே சொல்தான். அதே யோவான் கடிதம் மூன்றாம் அதிகாரத்தில், இந்த பியோஸை வைத்துக்கொண்டு, தேவையில் இருக்கும் சகோதரனைக் கண்டும் மனதை அடைத்துக்கொள்பவனைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறது. அதாவது அங்கே கண்டிக்கப்படுவது சொத்தை வைத்துக் காட்டும் பகட்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பெண் எழுந்து நின்று பேசியது அதில் அடங்காது.

மோதிரமும் நாற்காலியும்

மூன்றாவது சொல்தான் அந்த ஞாயிற்றுப் பிரசங்கத்தில் வந்தது. ஹூபெரேஃபனோஸ். 'ஹூபெர்' என்றால் மேலே. மற்ற பாதி, 'தோன்றுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. மற்றவர்களுக்கு மேலாகத் தன்னைக் காட்டிக்கொள்பவர் என்று பொருள் கொள்ளலாம். கீழே ஒருவர் இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கே அர்த்தம் உண்டு. தனியறையில் தனியாக இருப்பவர் ஹூபெரேஃபனோஸ் ஆக முடியாது.

பெருமைக்காரரைக் கடவுள் எதிர்ப்பார் என்ற வாக்கியம் யாக்கோபு கடிதத்திலும் (4:6) பேதுருவின் முதல் கடிதத்திலும் (5:5) இருக்கிறது. இரண்டும் அதை எடுத்தது நீதிமொழிகள் 3:34இலிருந்து. மூலமான எபிரேயத்தில், அருள் பெறுபவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. எழுத்தில் இருப்பது 'அனீயிம்', அதாவது ஏழைகள், ஒடுக்கப்பட்டவர்கள். ஓரத்தில் குறித்து வாய்விட்டு வாசிப்பது 'அனாவீம்', பணிவானவர்கள். பிரசங்க மேடைகள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டன.

யாக்கோபு கடிதத்தை முழுதாக வாசித்தால் அவர் யாரைச் சொல்கிறார் என்பதில் குழப்பமே இல்லை. இரண்டாம் அதிகாரத்தில் சபைக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் விரலில் தங்க மோதிரம், உடம்பில் பளபளக்கும் ஆடை. இன்னொருவர் அழுக்கு உடையில் வந்த ஏழை. முன்னவருக்கு நல்ல இருக்கை. பின்னவருக்கு, அங்கே நில், இல்லையென்றால் என் கால்மணைக்குக் கீழே உட்கார் என்ற உத்தரவு. அன்றைய ரோமப் பேரரசில் தங்க மோதிரம் என்பது வெறும் நகையல்ல, 'ஈக்விட்டஸ்' என்ற மேல்வகுப்பின் அடையாளச் சின்னம். ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்துவைத்த நிலக்காரர்கள் வருகிறார்கள். அந்தக் கூலியே கூக்குரல் இடுகிறது என்கிறார் யாக்கோபு. இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில்தான் பெருமைக்காரரைக் கடவுள் எதிர்க்கும் வாக்கியம் நிற்கிறது. முன்னும் பின்னும் இருப்பதை வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் நம் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

தாழ்மையா, தாழ்த்தப்பட்ட நிலையா?

இனி மறுபக்கச் சொல். தபெய்னோஸ். தமிழில் 'தாழ்மையுள்ளவர்' என்று பெயர்க்கப்படுவது. பழைய கிரேக்கர்களின் வாயில் இது நல்ல குணத்தின் பெயரே அல்ல. தாழ்ந்தவன், அற்பன், அடிமைப் புத்தி உள்ளவன் என்று மேலிருப்பவர்கள் கீழிருப்பவர்களைப் பார்த்துச் சொன்ன சொல். அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலின் நான்காம் பகுதியில், பெரிய மதிப்புக்குத் தகுதியுள்ளவன் தன்னை அப்படியே மதிப்பதைச் சிறந்த பண்பாகப் போற்றுகிறார். நல்ல குலத்தில் பிறந்தவருக்குப் பெருமிதம் அழகு, மற்றவர்களுக்குத் தாழ்வே இயல்பு என்ற ஏற்பாடு அது. கி.பி. முதல் நூற்றாண்டுக்குப் பிறகும் எபிக்டீட்டஸ் போன்ற தத்துவவாதி 'தபெய்னோஃப்ரோசூனே', அதாவது தாழ்ந்த சிந்தை, என்பதைக் குறையாகத்தான் பேசினார். அவரே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எபிரேய வேதத்தை யூதர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அந்த மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லும் அதன் வினைச்சொல்லும் வரும் இடங்களைப் பாருங்கள். எகிப்தில் இஸ்ரவேலரைக் கட்டாய வேலை வாங்கி ஒடுக்கியது அந்த வினைதான் (யாத்திராகமம் 1:12). அடிமைப் பெண் ஆகார் சாராளின் கையில் பட்ட துன்பம் 'தபெய்னோசிஸ்' (ஆதியாகமம் 16:11). தீனாளுக்கு நடந்த பாலியல் வன்முறைக்கும் (ஆதியாகமம் 34:2), தாமாருக்கு அவள் அண்ணனே செய்த வன்முறைக்கும் (2 சாமுவேல் 13:14) அதே வினை. இவர்களில் யாரும் தாழ்மை என்ற நற்குணத்தைப் பயிற்சி செய்துகொண்டிருக்கவில்லை. இவர்களை யாரோ கீழே தள்ளினார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் வரும் மரியாளின் பாடலுக்குப் போவோம். அவள் தன் 'தபெய்னோசிஸ்' கடவுளின் கண்ணில் பட்டது என்கிறாள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'தாழ்மை' என்று போட்டது. தன் பணிவைத் தானே மெச்சிக்கொள்வது போல அது ஒலிக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தாழ்நிலை' என்று திருத்தியது. ஓர் எழுத்து கூடியதில் அர்த்தம் தலைகீழாக மாறிவிட்டது. தாழ்மை குணம், தாழ்நிலை நிலைமை. அதே பாடலில் ஹூபெரேஃபனோஸ்கள் சிதறடிக்கப்படுகிறார்கள், ஆட்சியாளர்கள் இருக்கையிலிருந்து இறக்கப்படுகிறார்கள், தபெய்னோஸ்கள் ஏற்றப்படுகிறார்கள். தாழ்மை என்பது எப்போதும் கீழேயே இருக்க வேண்டிய நற்குணம் என்றால், கடவுள் எதற்காக அவர்களை மேலே ஏற்ற வேண்டும்?

தமிழில் நம்மிடம் இன்னும் கூர்மையான சொல் இருக்கிறது. நம் முன்னோர்களைத் 'தாழ்ந்த சாதி' என்றார்கள். நம் இயக்கங்கள் 'தாழ்த்தப்பட்டோர்' என்று திருத்தின. 'தாழ்ந்த' என்றால் தானாகவே அப்படி. 'தாழ்த்தப்பட்ட' என்றால் செய்தவன் ஒருவன் இருக்கிறான். தபெய்னோஸ் என்ற சொல் வரும் பல இடங்களில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று வைத்து வாசித்துப் பாருங்கள். வேறொரு புத்தகமே உங்கள் கையில் இருக்கும்.

யாக்கோபு கடிதத்தின் முதல் அதிகாரம் 9, 10 வசனங்கள் இதன் உச்சம். தாழ்த்தப்பட்ட சகோதரர் தன் உயர்வைக் குறித்துப் பெருமை கொள்ளட்டும், பணக்காரர் தன் தாழ்வைக் குறித்து அப்படிச் செய்யட்டும் என்பது கருத்து. 'கௌகாஸ்தாய்' என்ற வினை அங்கே கட்டளையாகவே வருகிறது. பழைய தமிழில் 'மேன்மைபாராட்டுதல்'. கீழே இருப்பவர் தலை நிமிர்வதைப் பாவம் என்று சொன்ன அதே புத்தகத்தில், கீழே இருப்பவர் தலை நிமிரட்டும் என்ற கட்டளை இருக்கிறது. நம் ஊர்களில் அதைப் பற்றிப் பிரசங்கம் நடந்து நாங்கள் கேட்டதில்லை.

கொரிந்து நகரத்து விருந்து

இது வெறும் சொல் விளையாட்டல்ல என்பதற்கு கொரிந்து சாட்சி. ரோமர்கள் அழித்த அந்த நகரத்தை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். விடுதலை பெற்ற அடிமைகள் பெருமளவில் அங்கே குடியேற்றப்பட்டார்கள். புதுப் பணமும் புது அந்தஸ்தும் மோதிக்கொண்ட துறைமுக நகரம். பவுலின் காலத்தில் அங்கே சபையின் பொது விருந்தில், இருப்பவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்பது முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தனி டம்ளரும் தனிப் பந்தியும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தில், உங்களில் 'எவ்கெனேஸ்', அதாவது நற்குலத்தார், அதிகம் பேர் இல்லையே என்கிறார். கடவுள் தேர்ந்துகொண்டது 'அகெனே'வை. குலம் என்ற சொல்லின் முன்னால் 'இல்லை' என்ற முன்னொட்டு போட்ட சொல் அது. குலமற்றது, பிறப்பால் இழிவென்று ஒதுக்கப்பட்டது. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் சொல்லை எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பிய இடம் இது.

இந்தக் கடிதத்தில் இன்னொரு சொல்லும் திரும்பத் திரும்ப வருகிறது: காற்றடைத்து ஊதிப்போதல். புதிய ஏற்பாட்டில் இந்த வினை ஏழு முறை வருகிறது, அதில் ஆறு இந்த ஒரே கடிதத்தில். அறிவும் ஊதிப்போக வைக்கும் என்று எட்டாம் அதிகாரம் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கை நமக்கும்தான், தோழர்களே. முதுகலைப் பட்டம் வாங்கி வந்து, தெருக்கூட்டத்தில் பாட்டிமார் பேசும்போது இடைமறித்தவர்கள் எங்களிலும் உண்டு. கூட்டத்தில் பெண்களைத் தேநீர் போட அனுப்பிவிட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறோம். நமக்குள்ளேயே ஒரு உட்சாதி இன்னொன்றைக் கீழே பார்ப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஹூபெரேஃபனோஸ் என்பது நமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நமக்கும் பொருந்தும் சொல்.

நமக்கு எதிராக இருப்பவையும்

முழுப் புத்தகமும் நம் பக்கம் என்று சொன்னால் அது பொய். பேதுருவின் முதல் கடிதம் (2:18) வீட்டு அடிமைகளைப் பார்த்து, கொடூரமான எஜமானுக்கும் அடங்கி இருங்கள் என்கிறது. எபேசியர், கொலோசெயர் கடிதங்களும் அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்கின்றன. இவற்றை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள்.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949இல் எழுதிய 'ஜீசஸ் அண்ட் த டிஸ்இன்ஹெரிட்டட்' நூலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவார். பவுலின் கடிதங்களை வாசிக்க அவர் விடமாட்டார். அன்பைப் பற்றிய ஒரே ஒரு அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி. காரணம், அடிமைக் காலத்தில் எஜமானின் போதகர் வந்து, அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பகுதியையே திரும்பத் திரும்பப் பிரசங்கித்தது. விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்தப் பாட்டி கிரேக்கம் படித்தவரல்ல. ஆனால் ஒரு சொல்லை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர். சமூகவியல் வகுப்பில் இரண்டு வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் கடைசியில் அந்தக் கேள்வியைத்தான்.

எழுந்து நிற்பதற்கான சொல்

பிலிப்பி நகரத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் ஆடையைக் கிழித்து, தடியால் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொன்னபோது பவுல் மறுத்தார். எல்லோரும் பார்க்க அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. ரோமக் குடியுரிமை இருந்ததால் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பிறகு தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது (முதல் கடிதம் 2:2) பவுல் அந்தச் சம்பவத்தை நினைவுகூர்கிறார். தனக்கு நடந்ததைக் குறிக்க அவர் எடுத்த வினை ஹூப்ரிஸ் என்ற வேரிலிருந்து வந்தது. அதன் பிறகு தாங்கள் துணிந்து பேசியதைக் குறிக்க எடுத்தது 'பர்ரேசியா' என்ற வேரிலிருந்து வந்தது.

பர்ரேசியா என்றால் எதையும் மறைக்காமல் வெளிப்படையாகப் பேசுதல். ஏதென்ஸில் அது சுதந்திரக் குடிமகனின் பெருமிதம். அடிமைக்கு அது கிடையாது. அந்தச் சொல்லைப் புதிய ஏற்பாடு யாருக்குக் கொடுத்தது என்று பாருங்கள். நடபடிகள் நான்காம் அதிகாரத்தில், பேதுருவும் யோவானும் எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். அவர்களுடைய பர்ரேசியாவைக் கண்டு மேலவர்கள் திகைத்துப்போகிறார்கள். இவர்கள் எழுத்தறியாதவர்கள், சாதாரண ஆட்கள், இவர்களுக்கு எப்படி இந்தப் பேச்சு என்பதுதான் அந்தத் திகைப்பு.

எருசலேமில் படிக்காதவன் பேசினான் என்று திகைத்தார்கள். நம் ஊரில் படித்தவள் பேசினாள் என்று கோபப்படுகிறார்கள். படிப்பில் பிரச்சினை இல்லை. பேசியது யார் என்பதில்தான் பிரச்சினை.

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் மீதிப் பதில். உன் தெருவைத் தாண்டிப் போகும் சப்பரத்துக்குப் பெயர் ஹூபெரேஃபனோஸ். கேள்வி கேட்டவளைப் பலர் முன்னால் அவமானப்படுத்தியதற்குப் பெயர் ஹூப்ரிஸ். நீ எழுந்து நின்றதற்குப் பெயர் பர்ரேசியா. அதைப் பாவம் என்று அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு முந்தைய கூட்டத்துக்கு அவள் மறுபடி போகிறாள். இந்த முறை அவள் அம்மாவும், தெருவிலிருந்து இன்னும் சில பெண்களும் கூடப் போகிறார்கள். கேள்வி அதேதான்.